ஓகே என்ற சொல்லின் பிறப்புச் சான்றிதழ்

தம்பிக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க அக்கா சம்மதித்தாள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சம்மதித்த அழகுதான் சரியில்லை என்று பின்னால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கூடிப் பேசிக் கண்டுபிடித்தார்கள்.

அக்கா யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. அவள் துணி தைக்கிறவள். புதுத் துணியை விட, கடையில் வாங்கி உடம்புக்கு ஒட்டாமல் போன துணிகளைப் பிரித்தும் பிடித்தும் கொடுப்பதுதான் அவளுக்கு அதிகம் வருகிற வேலை. வேலை செய்யும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டிருப்பாள். அந்த வாயை வைத்துக்கொண்டு நீளமாகப் பேச முடியுமா? அதனால் யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். பேன்ட் நாளைக்குக் கிடைக்குமா என்றால் ஓகே. இடுப்பில் கொஞ்சம் தளர விடுங்கள் என்றால் ஓகே. பொத்தானே இல்லாத சட்டையைக் கொண்டுவந்து, பழைய பொத்தானையே தேடித் தைத்துக் கொடுங்கள் என்று கேட்கிற ஆளுக்கும் ஓகேதான். ஊசியெல்லாம் எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று தான் கேட்டபோதுகூட இவள் அதைத்தான் சொன்னாள் என்பார்.

தம்பி டவுன் பஸ் ஓட்டினவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு டயாலிசிஸ் நாற்காலிதான் அவனுக்கு ஓட்டுநர் இருக்கை. கால் வீங்கி, முகம் ஊதி, நிறமே மாறிப் போயிருந்தான். வாய் மட்டும் பழைய வாய். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தைப் பார்த்து, "சிஸ்டர், பம்பெல்லாம் நல்லாத்தான் ஓடுது, வண்டிதான் நகர மாட்டேங்குது" என்பான். நர்ஸுகள் சிரிப்பார்கள். அவன் மனைவி சிரிக்க மாட்டாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் எல்லாப் பரிசோதனையும் பொருந்தியது. அறுவை செய்யப்போகிற டாக்டர், இப்படி ஒரு பொருத்தத்தைத் தான் பார்த்ததே இல்லை, சின்ன வயதில் நிறைய சண்டை போட்டிருப்பீர்கள் என்று சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: தம்பிக்கு இதயம் தளர ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் செய்தால் நல்லது, தள்ளிப்போட்டால் தாங்காது.

பாக்கி இருந்தது ஒப்புதல் வாரியம் மட்டும். மிரட்டியோ ஏமாற்றியோ யாரிடமிருந்தும் உறுப்பை எடுத்துவிடக் கூடாது என்று நல்லவர்கள் யாரோ யோசித்து ஏற்படுத்தியது அது. நல்லவர்கள் ஏற்படுத்திவிட்டுப் போய்விட்டார்கள். வாரியம் இருந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தனிக் கட்டிடம். வாரியத் தலைவர் நடுவில், வக்கீல் ஒருபக்கம், டாக்டர் ஒருவர் மறுபக்கம். ஓரத்தில் ஒரு தட்டச்சுப் பெண். தலைவர் கேள்வியை வாசித்தார். மேற்படி நபராகிய தாங்கள், தங்கள் உடலின் உள்ளுறுப்புகளுள் ஒன்றான மேற்சொன்ன உறுப்பை, எவ்வித அச்சமோ ஆசையோ தூண்டுதலோ இன்றி என்று தொடங்கி, நடுவில் தண்ணீர் குடித்து, மறுபடி தொடர்ந்து, கடைசியில் குரலை ஏற்றி நிறுத்தினார். தைக்கிற மேஜையில் உட்கார்ந்திருந்தாலும் அக்கா இதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

"ஓகே சார்."

"ஓகே, நெக்ஸ்ட்" என்றார் தலைவர்.

தட்டச்சுப் பெண் முதல் ஓகேயை அப்படியே அடித்தாள். இரண்டாவதை அடிக்கவில்லை. தலைவர் பேசுவதைக் குறிப்பில் ஏற்றுகிற வழக்கமில்லை.

அறுவைக்குத் தேதி வரும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது பிரிவு அதிகாரியைப் பார்க்கச் சொல்லி ஒரு தகவல். அக்காவும் தம்பி மனைவியும் போனார்கள். பிரிவு அதிகாரி நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக்கூடாது, இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். வாரியம் ஏற்கும் சொற்கள் அதில் இருந்தன. ஆம். சம்மதம். ஒப்புக்கொள்கிறேன். இசைகிறேன். கடைசிச் சொல்லை இதுவரை ஒருவரும் சொன்னதில்லையாம், ஆனால் யாராவது சொன்னால் தயாராக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்களாம். 'சரி' என்பது முன்பு இருந்தது, இப்போது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஏனென்றால் எதிரில் இருப்பவர் வாயை அடைக்கவும் மக்கள் சரி சரி என்கிறார்கள் என்று யாரோ புகார் எழுதிவிட்டார்கள்.

"நீங்க சொன்ன சொல் இதுல இல்லம்மா" என்றார்.

"அதுக்கென்ன சார், இப்ப சொல்லிட்டா போச்சு. எனக்குச் சம்ம..."

அதிகாரி பாய்ந்து கையை நீட்டினார், பால் பொங்குகிறதைப் பார்த்தவர் மாதிரி. "சொல்லாதீங்க. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

வாக்குமூலம் ஒரு தடவைதான் எடுப்பார்களாம். இரண்டாவது தடவை ஒருவர் வாயைத் திறக்கிறார் என்றால், நடுவில் யாரோ அவரைத் திறக்க வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். உடனே வற்புறுத்தல் விசாரணை தொடங்கிவிடும். விசாரணை முடிகிறவரை அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. அப்படித் தொடங்கிய விசாரணை ஏதாவது முடிந்திருக்கிறதா என்று தம்பி மனைவி கேட்டாள். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்து, எல்லாம் நடந்துகொண்டிருக்கின்றன என்றார்.

"அப்ப நாங்க என்னதான் சார் செய்யறது?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்தச் சொல்தான் செய்யணும். அது எங்க பொறந்துச்சு, என்ன அர்த்தம்னு சொல்லாய்வு ஆணையம் சான்றிதழ் கொடுக்கணும். கொடுத்துட்டா ஓகே."

தான் கடைசியாகச் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள். எடுத்துச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள், பிறகு அதுவும் வாக்குமூலமாகிவிடுமோ என்று பயந்து எழுந்து வந்துவிட்டாள்.

சொல்லாய்வு ஆணையம் ஊரின் இன்னொரு முனையில் இருந்தது. கீழ்த்தளத்தில் பொருள் பிரிவு, மேல்தளத்தில் பிறப்புப் பிரிவு. பொருள் பிரிவுக்காரர், ஓர் ஆள் எந்த வீட்டில் பிறந்தவர் என்று தெரியாமல் அவர் குணத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை, முதலில் மேலே போய்ப் பிறப்பை வாங்கி வாருங்கள் என்றார். மேலே இருந்தவர், என்ன அர்த்தமுள்ள சொல் என்று தெரியாமல் எதன் பிறப்பைத் தேடுவது, ஊரில் எத்தனையோ சொற்கள் பிறந்திருக்கின்றன என்று கேட்டுக் கீழே அனுப்பினார். இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மாடிப்படியில் எதிரெதிராக வந்தாலும் ஒருவர் சுவரைப் பார்ப்பார், ஒருவர் கைப்பிடியைப் பார்ப்பார். நடுவில் ஏறி இறங்கியது அக்காவின் முழங்கால்.

ஏறி இறங்குகிறவளுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீ வந்தால் ஓகே, ஃபைல் போனால் ஓகே, தொலைபேசியை வைக்கும்போது ஓகே ஓகே. ஒருவர்கூட அர்த்தம் தெரியாமல் திகைத்து நின்றதாக அவள் பார்க்கவில்லை.

ஒருநாள் பிறப்புப் பிரிவுக்காரர் அவளை உட்கார வைத்து, இந்தச் சொல்லை யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டார். திருட்டு நகை பிடிபட்டால் கேட்பார்களே, அந்த மாதிரி. அக்கா யோசித்தாள். அந்தச் சொல்லை யார்தான் யாரிடமிருந்து வாங்கினார்கள்? காற்றில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். பதில் சொல்லாவிட்டால் இன்னும் இழுப்பார்களோ என்று நினைத்து, தம்பிதான் வேலைக்குப் போன புதிதில் இப்படியெல்லாம் பேசிக்கொண்டு வீட்டுக்கு வருவான் என்று சொன்னாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். அவர் மகிழ்ந்துபோய், அப்படியானால் தம்பிதான் முதல் சாட்சி என்று குறித்துக்கொண்டார்.

தம்பியை வரச் சொல்லி ஓலை வந்தது. விசாரணை வைத்திருந்த நாள் டயாலிசிஸ் நாள். டாக்டர் கோபத்தோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நோயாளியின் நிலைமை ஓகே இல்லை, எங்கேயும் கூட்டிப்போக முடியாது என்று அதில் இருந்தது. விசாரணையில் இருக்கும் சொல்லையே சாட்சிக் கடிதத்தில் பயன்படுத்தியிருப்பதாகக் குற்றம் சொல்லி ஆணையம் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது. டாக்டர் வேறு கடிதம் எழுதுவதற்குள் நாள் வந்துவிட்டது. போகாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

போனார்கள். விசாரணை மேல்தளத்தில். லிஃப்ட் இல்லை. அக்கா வீட்டுக்காரரும், தம்பியோடு பல வருஷம் வண்டியில் போன கண்டக்டரும் அவனை நாற்காலியோடு தூக்கினார்கள். செருப்புக்குள் கால் நுழையவில்லை, வெறுங்கால். பாதி படியில் கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது.

"ஃபுட்போர்டுல நிக்காத, உள்ள போ" என்றான் தம்பி.

"வாய மூடுடா" என்றார் கண்டக்டர். அவர் கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

நீள மேஜைக்குப் பின்னால் ஆணையத் தலைவரும் உறுப்பினர்களும் இருந்தார்கள். தம்பியிடம் இந்தச் சொல்லை எப்படிக் கற்றாய் என்று கேட்டார்கள். கற்கவெல்லாம் இல்லை, டிப்போவில் எல்லோரும் சொல்வோம், கண்டக்டர் விசில் கொடுத்தால் நான் ஓகே என்பேன், வண்டி போகும் என்றான். அப்படியானால் அந்தச் சொல்லைச் சொல்லாமல் வண்டி போனதுண்டா என்று ஒரு உறுப்பினர் நுட்பமாகக் கேட்டார்.

"சார், வண்டி சொல்லுல போகல. டீசல்ல போகுது."

சாட்சி ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு அறிஞர்கள் பேசினார்கள். அவர்கள் படித்தவர்கள், அதில் பொய்யில்லை. அமெரிக்காவில் தேர்தலில் நின்ற ஒருவருக்கு அவர் ஊரை வைத்துக் கூப்பிட்ட பட்டப்பெயரிலிருந்து வந்தது என்றார் ஒருவர். அந்த மண்ணின் பழங்குடி மக்கள் பேசியது என்றார் இன்னொருவர். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கொண்டுபோனது என்றார் மூன்றாமவர். கிரேக்கம் என்று ஒருவர் சொன்னதற்கு மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் தண்ணீர் குடித்தார். எல்லோரிலும் மூத்தவர் கடைசியில் எழுந்தார். ஆதாரம் பலமாக இருப்பது ஒன்றுக்குத்தான் என்றார். நூறு வருஷத்துக்கும் வெகு முன்னால் அங்கே பத்திரிகைக்காரர்களிடம் ஒரு வேடிக்கை இருந்ததாம். எல்லாம் சரி என்பது போன்ற சாதாரண வார்த்தைகளை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, முதல் எழுத்துகளை மட்டும் அச்சில் போட்டுச் சிரிப்பார்களாம். அப்படிப் பிறந்த வேடிக்கைகள் எல்லாம் செத்துப்போக, இது ஒன்று மட்டும் பிழைத்துக்கொண்டதாம்.

மேஜை முழுக்க ஒரு சலசலப்பு. தலைவர் அக்காவைப் பார்த்தார்.

"அதாவது, இது சிரிப்புக்குப் பொறந்த சொல். நீங்க இதச் சொல்லும்போது சிரிச்சீங்களா?"

"இல்ல சார்."

"சிரிக்கல. அப்ப பிறப்புக்கு விரோதமா பயன்படுத்தியிருக்கீங்க."

"சிரிச்சிருந்தா?"

"சிரிச்சிருந்தா விளையாட்டுக்குச் சொன்னதாயிடும். சம்மதம் செல்லாது."

பொருள் பிரிவுக்காரருக்கு இப்போது வாய்ப்பு வந்தது. அவர் எழுந்து நடித்தே காட்டினார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஓகே என்பார்கள், சுமார் என்று அர்த்தம். சாப்பாடு எப்படி என்றால் ஓகே, நன்றாக இல்லை என்று அர்த்தம். போனில் ஓகே என்றால் வைத்துத் தொலை என்று அர்த்தம். எனவே இந்த அம்மாள் வாரியத் தலைவரைப் பார்த்து வைத்துத் தொலை என்று சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்றார். சொன்ன குரல் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே. தட்டச்சுப் பெண்ணை வரவழைத்திருந்தார்கள். பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்த அக்கா ரொம்ப உருக்கமாகச் சொன்னார்கள், அழுதுவிடுவார்கள் போல இருந்தது என்றாள். அழுகை என்ற சொல்லைக் கேட்டதும், வாரியத்திலிருந்து வந்திருந்த வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அழுதுகொண்டே கொடுக்கிற சம்மதம் என்ன சம்மதம் என்று கேட்டார்.

நாற்காலியில் தம்பியின் தலை சாய்ந்திருந்தது. வாய் திறந்து, வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அக்கா எழுந்து மேஜையருகில் போய், இன்றைக்கு அவனுக்கு இயந்திரத்தில் உட்கார வேண்டிய நாள், தயவு செய்து விட்டுவிடுங்கள் என்றாள். தலைவர் அதற்குக் கோபப்படவில்லை. அன்பாகத்தான் பேசினார்.

"அம்மா, நாங்க ஈவு இரக்கம் இல்லாதவங்க இல்ல. உயிர் பெருசுதான். ஆனா உயிர் வரும், போகும். ஒரு சொல் தப்பா உள்ள வந்துட்டா அது போகவே போகாது. இந்த ஆணையம் ஆரம்பிச்சதிலேருந்து ஒரு சொல்லக்கூட நாங்க தப்பா அனுமதிச்சதில்ல. சரியாவும் அனுமதிச்சதில்ல. ஒண்ணையுமே அனுமதிச்சதில்ல. அந்தப் பேரக் காப்பாத்தணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். அக்கா சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லப் பயம் வந்து வெகுநாளாகியிருந்தது.

"ஓகே, இன்னிக்கு இது போதும்" என்று தலைவர் எழுந்தார்.

அங்கிருந்து நேராக அவசரப் பிரிவுக்குத்தான் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இறக்கினார்கள், பிழைத்தான், ஆனால் அதற்குப் பிறகு அவன் முழுசாகத் திரும்பி வரவில்லை. இரண்டு வாக்கியம் பேசினால் மூச்சு முட்டியது. மனைவியைச் சாப்பிட அனுப்பிவிட்டு அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து கால் அமுக்கிக்கொண்டிருந்தாள். விரல் வைத்த இடமெல்லாம் பள்ளம் விழுந்தது, நிரம்ப நேரமானது.

"அக்கா."

"என்னடா."

"உண்மையச் சொல்லு. உனக்கு இஷ்டமில்லாமத்தான் அன்னிக்குச் சொன்னியா?"

அக்காவின் கை நின்றுவிட்டது. அத்தனை படித்தவர்கள் அத்தனை நேரம் பேசினதில் வேறு யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. வரக்கூடாத ஒருவனுக்கு வந்துவிட்டது.

"பைத்தியக்காரா, ஒண்ணுதான் கேட்டாங்க, ஒண்ணுக்குச் சொன்னேன். ரெண்டும் கேட்டிருந்தா ரெண்டுக்கும் அதத்தான் சொல்லியிருப்பேன். நீ கேட்டு நான் எதுக்குடா இல்லன்னிருக்கேன், சைக்கிளக்கூடத் தூக்கிக் குடுத்தேன், கொண்டுபோய்க் கால்வாயில விட்ட."

தம்பி சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. அடங்கிய பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"சத்தமாச் சொல்லாதக்கா. எவனாவது எழுதிக்கப்போறான்."

அந்த வாரத்திலேயே போய்விட்டான். காலையில், மனைவி முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது.

அடுத்த விசாரணைக்கு அவன் பெயரில் மறுபடி ஓலை வந்தது. கண்டக்டர்தான் போய், அவன் இறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார். சாட்சி ஆஜராகவில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

இப்படியே விட்டிருந்தால் மற்ற எத்தனையோ வீடுகளில் நடக்கிற மாதிரி நடந்தது என்று அவர்கள் ஆறியிருப்பார்கள். ஆணையம் விடவில்லை. இவ்வளவு வாதம் நடந்த சொல்லைச் சும்மா விட அவர்களுக்கும் மனசில்லை. மேல்தளமும் கீழ்த்தளமும் முதல்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்து தீர்ப்பு எழுதின. சொல் வேடிக்கையாகப் பிறந்ததுதான் என்றாலும், வளர்ந்த பிறகு உலகமெங்கும் பொறுப்போடு நடந்துகொள்கிறது. அதன் பொருள் முழுமையான சம்மதம். இந்தப் பொருள், மேற்படி பெண்மணி அதை உச்சரித்த நொடியிலிருந்தே செல்லும். அதாவது அன்றைக்கே எல்லாம் சரியாக இருந்தது. ஆணையம் அனுமதித்த முதல் சொல் என்பதால் சின்ன விழா ஒன்று நடத்தி, சான்றிதழின் பெரிய பிரதி ஒன்றைச் சட்டமிட்டு வாசலில் மாட்டினார்கள். தலைவர் அதனருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

சான்றிதழ் வாரியத்துக்குப் போனது. வாரியத்திலிருந்து அக்காவுக்கு உத்தரவு வந்தது. ஒப்புதல் உறுதியாகிவிட்டது, உறுப்பை அளிக்க உடனே வந்து ஆஸ்பத்திரியில் சேரவும்.

அக்காவும் தம்பி மனைவியும் மறுபடி அந்தப் பிரிவு அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். தம்பி இறந்துவிட்டான் என்று தம்பி மனைவி சொன்னாள். அதிகாரிக்கு உண்மையாகவே வருத்தம். எழுந்து நின்று தலை குனிந்தார். பிறகு உட்கார்ந்து, ஆனால் இறப்பு வேறு பிரிவு, அவர்கள் எங்களுக்கு எழுதவில்லை, எழுதுகிறவரை எங்களுக்கு அவர் காத்திருக்கும் நோயாளி என்றார்.

"யாருக்கு சார் வைப்பீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"வைக்கிறது எங்க வேலை இல்லம்மா. எடுக்கறதுக்கு ஒப்புதல் இருக்கான்னு பாக்கறதுதான் எங்க வேலை. இருக்கு. இவ்வளவு சுத்தமான ஒப்புதல் இந்த ஆபீஸ்லயே வேற கிடையாது."

"எனக்கு இப்ப சம்மதம் இல்ல" என்றாள் அக்கா.

அவர் வேகமாகக் கையை நீட்டினார். "அது ரெண்டாவது வாக்குமூலம். அத நான் கேக்கலன்னு வெச்சுக்கறேன். எழுதிக்கிட்டா, யார் உங்க மனச மாத்தினாங்கன்னு விசாரணை வரும்." பேசும்போது அவர் கண் ஒருமுறை தம்பி மனைவியின் பக்கம் போய்த் திரும்பியது. "வராம இருந்தா ஒப்புதல் மீறல். அது போலீஸ். உங்க நல்லதுக்குச் சொல்றேன், வந்து சேந்துடுங்க."

தம்பி மனைவியின் பக்கம் போன அந்தக் கண்ணுக்காகத்தான் அக்கா போய்ச் சேர்ந்தாள். தம்பி விட்டுப்போனது அந்தப் பெண் ஒருத்தியைத்தான், அவளை ஒரு விசாரணையில் விட்டுவிட்டு வர முடியுமா.

அவளுக்கு ஒதுக்கிய அறையில் இரண்டு கட்டில்கள். கொடுக்கிறவருக்கு ஒன்று, வாங்கிக்கொள்கிறவருக்கு ஒன்று. இரண்டிலும் சலவைத் துணி விரித்து, தலைமாட்டில் வெள்ளைப் பலகை. ஒன்றில் அவள் பெயர். இன்னொன்றில் தம்பியின் பெயர், வயது, ரத்த வகை. கட்டிலடியில் புதுச் செருப்பு ஒரு ஜோடிகூட வைத்திருந்தார்கள். அக்கா தன் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் புதிதாக வந்த நர்ஸ் உள்ளே வந்தார்.

"பக்கத்து பெட்காரர் எங்க? பிரஷர் பாக்கணும்."

டாய்லெட் போயிருப்பார் என்று நர்ஸே முடிவு செய்துகொண்டு, வந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தட்டு வந்தது. ஒன்றில் உப்பில்லை.

டாக்டர் வந்தார். வாசலிலேயே நின்று இரண்டு கட்டிலையும் பார்த்தார். அன்றைக்குப் பொருத்தத்தைப் பற்றி வேடிக்கை பேசியவர் இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆள் இறந்துவிட்டான் என்று அவர் எழுதினால் அது இறப்புப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து எப்போது வருமோ தெரியாது. அந்தக் கட்டிடத்தில் உண்மையைச் சொல்லி ஒரு காரியத்தை நிறுத்த வழியில்லை என்று அவருக்கு இத்தனை வருஷ அனுபவத்தில் தெரியும். அதனால் தனக்கு முதுகுவலி, கத்தி பிடிக்க முடியாது, குணமாகும்வரை எல்லா அறுவையும் தள்ளிவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது உடனே செல்லுபடியாயிற்று.

"நீங்க வீட்டுக்குப் போங்கக்கா" என்றார். "எனக்கு முதுகுவலி சரியாகாது."

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்து, பழக்கத்தில் விழுங்கிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள். தம்பியின் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் அவளைச் சின்னக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகாமல் பெயரை எடுக்க முடியாது, டிஸ்சார்ஜுக்கு நோயாளியே வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவர் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அக்கா திரும்பி அறைக்குள் போனாள். பையைக் கீழே வைத்தாள். பலகை உயரத்தில் இருந்தது, எட்டவில்லை. தம்பியின் கட்டில்மேல் ஏறி, அந்தச் சலவை விரிப்பில் முட்டி போட்டு நின்று, உள்ளங்கையால் அவன் பெயரை அழித்தாள். மை லேசில் போகவில்லை. எச்சில் தொட்டு, கடைசி எழுத்துவரை, பக்கத்தில் இருந்த வயதையும் ரத்த வகையையும் சேர்த்து அழித்தாள்.

"யாரைக் கேட்டு அழிக்கிறீங்க?" என்றார் நர்ஸ்.

அக்கா இறங்கி விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு, நீலமாகிப்போன கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, யார் கேட்டதற்கும் பதில் சொல்லாமல் வெளியே நடந்தாள்.